பழைய மாருதி 800: ஸ்டீயரிங் ஆட்டத்தைக் கண்டறிந்து சரிசெய்தல்

1983 இறுதியில் சாலைக்கு வந்து, 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 இன்றும் நம் ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. வயதான வண்டிகளில் ஸ்டீயரிங் தளர்ந்து, நேர்ச்சாலையில்கூட இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருப்பது அடிக்கடி கேட்கும் புகார். இதற்குப் பட்டறைகள் பலவற்றிலும் முதலில் செய்வது, ரேக்கில் (ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் பற்கள் உள்ள தண்டு) பினியனை (அந்தத் தண்டை நகர்த்தும் சிறு பற்சக்கரம்) ஒட்டி இருக்கும் சரிசெய்யும் திருகை முறுக்கிவிடுவதுதான். உண்மையில் அது கடைசியாகத் தொட வேண்டிய இடம்.

முதலில் நான்கு டயர்களின் காற்றையும் தேய்மானத்தையும் பாருங்கள். காற்றுக் குறைந்த டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்த டயரும் வண்டியை அலையவைக்கும். அது ஸ்டீயரிங் ஆட்டம் ஆகாது. பிறகு சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களை நேராக வைத்து, எஞ்சினை அணைத்து, ஸ்டீயரிங் பூட்டு விழாதபடி சாவியை ஒரு நிலை திருப்பிவையுங்கள். ஸ்டீயரிங்கை ஒரே விரலால் மெல்ல நகர்த்தி, முன்சக்கரம் அசையத் தொடங்கும்வரை அதன் வெளிவிளிம்பு எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்று அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 30 மில்லிமீட்டரைத் தாண்டினால் எங்கோ தேய்மானம் இருக்கிறது என்று பொருள்.

எங்கே என்பதைக் கண்டுபிடிக்க இன்னொருவர் துணை வேண்டும். சக்கரங்கள் தரையில் பாரத்தோடு நிற்கும்போதே, அவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக ஆட்டிக்கொண்டிருக்க, நீங்கள் மேலிருந்து கீழாக ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணை நம்ப வேண்டாம். இணைப்பின் இரு பகுதிகளின் மேலும் படும்படி ஒரே விரலை வையுங்கள். ஒரு பகுதி நகர்ந்த பிறகு மற்றொன்று தாமதித்து நகர்ந்தால், அரை மில்லிமீட்டர் இடைவெளியாக இருந்தாலும் விரல் அதை உணர்ந்துவிடும். பெடல்களுக்குக் கீழே உள்ள ஸ்டீயரிங் ஷாஃப்ட்டின் ஜாயின்ட், அதன் இறுக்கும் போல்ட், ரேக்கை உடலோடு பிடித்திருக்கும் கிளாம்ப்பும் அதன் ரப்பரும், ரப்பர் உறைக்குள் இருக்கும் ரேக் எண்ட் (ரேக்கின் முனையில் உள்ள மூட்டு), கடைசியாகச் சக்கரத்தருகே உள்ள டை ராட் எண்ட் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் வெளிமுனை மூட்டு) என்ற வரிசையில் செல்லுங்கள். ரேக் முழுவதுமே பக்கவாட்டில் நகர்ந்தால் குற்றம் கிளாம்ப் ரப்பரில்தான். பல் தேய்ந்துவிட்டது என்று ரேக்கையே மாற்றுவது வீண் செலவு.

அடுத்து முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்குங்கள். பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் இறக்கிய பிறகே கீழே கைவிட வேண்டும். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட் மீது சந்தேகம் கொள்ளலாம். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால், துணைக்கு இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், தொடர்ந்தால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் கை) பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு). இந்த வண்டியில் லோயர் ஆர்ம் முன்பின் நகராமல் பிடித்திருப்பது ஸ்டெபிலைசர் பார் (முன்பக்கக் குறுக்குக் கம்பி) என்பதால், அதன் புஷ் (ரப்பர் வளையம்) நைந்துபோனாலும் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டை ராட் எண்டை மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்பிளிட் பின்னை (நட்டு கழலாமல் தடுக்கும் பிளவு ஊசி) எடுத்து, மேல் நட்டைச் சில மரைகள் மட்டும் விட்டுக் கழற்றுங்கள். டை ராட் எண்டின் போல்ட் நுனியில் அடித்தால் மரை நசுங்கும். புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாவிட்டால், போல்ட் செருகியிருக்கும் நக்கிள் (சக்கரத்தைத் திருப்பும் பாகம்) வளையத்தின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் பிடி விட்டுவிடும். பழையதைத் திருகி எடுக்கும்போது சுற்றுகளை எண்ணி, புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றுங்கள். நட்டை இறுக்கிய பின் ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் சற்று இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. பழைய பின்னை மீண்டும் போடக் கூடாது. பால் ஜாயின்ட்டில் ஆட்டம் கண்டிருந்தால் அதை மாற்றும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம். அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும்.

இவை அனைத்தும் உறுதியாக இருந்தும் ஆட்டம் மிஞ்சினால்தான் ரேக்கின் திருகுக்கு வர வேண்டும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ரேக்கின் நடுப்பற்களே அதிகம் தேய்கின்றன. ஓரப்பற்கள் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். நடுவில் ஆட்டம் முழுவதும் போகும்வரை முறுக்கினால், முழுத் திருப்பத்தில் ஸ்டீயரிங் இறுகி, வளைவிலிருந்து தானாக நேருக்குத் திரும்பாது. ஆகவே சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சக்கரங்கள் தூக்கிய நிலையில் ஸ்டீயரிங்கை இரு கோடிகளுக்கும் சுற்றிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் உடனே பின்வாங்குங்கள். நடு ஆட்டம் அப்படியும் குறையாவிட்டால் ரேக்கை மாற்றுவதே வழி.

எதை மாற்றினாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். அதன் பிறகு நேராக ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றால், ஸ்டீயரிங்கைக் கழற்றி வேறு பல்லில் மாட்டி நேராக்கிக் கொடுப்பதை ஏற்காதீர்கள். ஒரு பக்க டை ராடை எவ்வளவு குறைக்கிறார்களோ அவ்வளவு மறுபக்கத்தை நீட்டி நேராக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் இரு பக்கமும் வண்டி சமமாகத் திரும்பும்.