ஏலத்தில் பழைய வெள்ளி, வெண்கலம், கண்ணாடி: கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

குமரி மாவட்டத்தில் பழம்பொருளுக்கென்றே ஏலம் நடப்பது அரிது. பொருள் வேறு வழிகளில்தான் வந்து சேரும். மீட்காத அடகு நகைகளோடு வெள்ளிச் சாமானும் ஏலத்துக்கு வரும். பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது பங்காளிகள் தங்களுக்குள் ஏலம் போட்டுக்கொண்டு மிச்சத்தை வெளியாளுக்கு விடுவார்கள். சென்னை, மும்பை ஏல நிறுவனங்களின் இணைய ஏலத்திலும் கேட்கலாம். எங்கே கேட்டாலும் நிபந்தனை அநேகமாக ஒன்றுதான்: சாமான் இருக்கிற நிலையிலேயே விற்கப்படும். மூணு தரம் சொல்லி முடித்த பிறகு விரிசலைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆகவே வேலை முழுவதும் ஏலத்துக்கு முன்னால்தான்.

வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் ஒரு அடிவிலை உண்டு. எல்லாக் கணக்கும் தப்பினாலும் எடைக்குப் போட்டுக் கொஞ்சம் தேற்றலாம். கண்ணாடிக்கு அது கிடையாது; ஒரு கீறலில் விலை பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். புதிதாகச் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் உலோகத்தில் கை பழகிவிட்டுக் கண்ணாடிக்குப் போவது நல்லது.

பார்வையிடும் நாளில் 0.1 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, 10 மடங்கு லென்ஸ், சாதா டார்ச், 365 நானோமீட்டர் யுவி (புறஊதா) டார்ச், தையல் நூல், தண்ணீர் ஊற்ற ஒரு பிளாஸ்டிக் டப்பா, வெள்ளைப் பருத்தித் துணி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். காந்தத்தை நம்பிப் போகாதீர்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்பது சரிதான். பித்தளையும், பெயரில் மட்டும் வெள்ளியுள்ள செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவையான ஜெர்மன் சில்வரும்கூட ஒட்டாதே.

வெள்ளி

முதலில் முத்திரையைப் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்து இறக்குமதி வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி. பக்கத்தில் சிறுத்தைத் தலை என்றால் லண்டன், நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம், கிரீடம் என்றால் ஷெஃபீல்டு. அரசரின் தலை முத்திரையும் சேர்ந்திருந்தால் 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது. 'இபிஎன்எஸ்' என்ற நான்கு எழுத்து இருந்தால் அது ஜெர்மன் சில்வர் மேல் வெள்ளி முலாம். அந்த நான்கு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்துக்குள் அடித்து, தூரப் பார்வைக்கு ஹால்மார்க் மாதிரியே காட்டியிருப்பார்கள். லென்ஸ் வைத்துப் படிக்காமல் கேள்வி ஏற்றாதீர்கள்.

நம் ஊர்த் தட்டார் செய்த சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, வெற்றிலைச் செல்லம் போன்றவற்றில் முத்திரையே இருக்காது. அதற்குத் தண்ணீர்ச் சோதனை. பொருளின் எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிய டப்பாவைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்ஜியமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். 312 கிராம் கிண்ணம் தண்ணீரில் 30 காட்டினால் 10.4, நல்ல வெள்ளி. 36 காட்டினால் 8.7, முலாம் பூசிய பித்தளையோ ஜெர்மன் சில்வரோதான். செம்பு கூடுதலாகக் கலந்த 80 சதவீத நாட்டு வெள்ளிக்கு 10.1 அளவில் வரும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் வகுத்து வரும் எண் குறைந்து வெள்ளியையே சந்தேகப்பட வைக்கும். பொருளை ஒருமுறை தண்ணீருக்குள் அசைத்துவிட்டுப் பாருங்கள். மரப்பிடி, அரக்கு நிரப்பிய கத்திப்பிடி, அடியில் கனம் வைத்த மெழுகுவத்தித் தண்டு இவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவற்றை எடை போட்டு விலை சொல்கிறவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள், பாதி எடை அரக்காக இருக்கும்.

நகைத் தரச்சோதனை நிலையத்தில் எக்ஸ்-கதிர் இயந்திரத்தில் காட்டலாம். ஆனால் அது மேல்பரப்பை மட்டுமே படிக்கும். கனமான முலாமை வெள்ளி என்றே சொல்லிவிடும். இரண்டு சோதனையும் ஒத்துப்போனால்தான் நம்பலாம். ஏலக்காரர் தண்ணீரில் போட விடவில்லையென்றால், விளிம்பு, பிடி, அடிவட்டம் மூன்றையும் லென்ஸில் பாருங்கள். முலாம் முதலில் தேய்வது அங்கேதான். மஞ்சளோ சிவப்போ தெரியும்.

சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற நிறுவனங்கள் தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் 'சுவாமி வேலை' வெள்ளியை விற்றார்கள். அதில் பள்ளங்களிலுள்ள கறுப்புதான் அழகு, விலையும் அதற்குத்தான். பளபளவென்று தேய்த்து வைத்திருந்தால் விலையைக் குறைத்தே கேளுங்கள்.

வெண்கலமும் பித்தளையும்

1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால், கிண்டி (மூக்கு வைத்த தண்ணீர்ச் செம்பு), உருளி (அகன்ற வாய்ச் சமையல் பாத்திரம்), நிலவிளக்கு, கோளாம்பி (எச்சில் பணிக்கம்) எல்லாம் மலையாள நாட்டு வடிவிலேயே கிடைக்கும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் விளக்குகளை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் வடிவம் கண்ணில் பதியும்.

உருளியை விரல் நுனியில் தூக்கிக் கணுவால் தட்டுங்கள். நல்ல வெண்கலம் நீண்டு ரீங்கரிக்கும். சத்தம் சட்டென்று செத்தால் எங்கோ விரிசலோ பற்றவைப்போ இருக்கிறது. டார்ச்சை உள்ளே வைத்து இருட்டில் வெளியிலிருந்து பார்த்தால் ஊசித்துளையும் தெரியும். கிண்டியில் மூக்கு உடம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே வெள்ளையாக ஈயப்பற்று இருந்தால் ஒருமுறை உடைந்தது.

ஆசிட் பூசிப் பழசாக்கிய புதுச் சரக்கு நிறைய வருகிறது. பச்சைக் களிம்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். கிண்டியைக் கழுத்தில்தான் பிடிப்பார்கள். ஆக கழுத்து வழவழப்பாகவும், மூக்கின் அடிப்பகுதி அழுக்கேறியும் இருக்க வேண்டும். உருளியின் அடி தரையில் இழுபட்டுப் பல திசைகளில் கீறியிருக்கும். எல்லாக் கீறலும் ஒரே திசையில் ஓடினால் அது உப்புத்தாள் வேலை.

கண்ணாடி

டிகாண்டர் (மூடியுள்ள கண்ணாடி மதுக்குப்பி), அத்தர் குப்பி, விளக்குச் சிமினி, சரவிளக்குத் தொங்கட்டான், நிலைக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் முதல் வேலை கண்ணை மூடிக்கொண்டு விளிம்பை விரலால் ஒருமுறை சுற்றுவது. சில்லுப் பெயர்ந்த விளிம்பை அரைத்துச் சமப்படுத்தியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தட்டையாகவும் கூராகவும் தட்டுப்படும். ஆறு கிளாஸ் ஜோடியாக வந்தால் உயரத்தை அளந்து பாருங்கள், குட்டையானது அரைபட்டது.

டிகாண்டருக்குள் வெண்மை படிந்திருந்தால் அதை மறைக்க எண்ணெய் தடவி வைப்பது பழைய தந்திரம். கம்பியில் டிஷ்யூ சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தால் குட்டு வெளிப்படும். அந்த வெண்மை உப்புத்தண்ணீர்ப் படிவு என்றால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றி ஒரு நாள் வைத்தால் போய்விடும். கண்ணாடியே அரித்திருந்தால் எதற்கும் போகாது. ஏலத்தில் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். போகாது என்று வைத்தே விலை போடுங்கள்.

யுவி டார்ச் அடித்தால் ஒட்டவைத்த பிசின் பெரும்பாலும் வெளிறிய நீலமாக ஒளிரும். யுரேனியம் கலந்த கண்ணாடி பச்சையாக எரியும். அதை இன்றும் செய்கிறார்கள், ஆகவே பச்சை ஒளி மட்டும் வயதுக்குச் சாட்சியாகாது. ஊதிச் செய்த பாத்திரத்தின் அடியில் பிடிகம்பியை முறித்த தழும்போ, அதைத் தேய்த்த வட்டப் பள்ளமோ இருக்கும். அச்சு மூட்டுக்கோடு வாய் விளிம்புவரை ஏறினால் இயந்திரச் சரக்கு. கோலி சோடா பாட்டிலுக்கு ஹிராம் காட் காப்புரிமை வாங்கியது 1872இல் என்றாலும், அது நேற்றுவரை புழக்கத்தில் இருந்த சாமான். பழசு என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். 'பெல்ஜியம் கண்ணாடி' என்ற பெயரும் அப்படித்தான், தடித்த கண்ணாடி எதுவானாலும் அந்தப் பெயரிலேயே விற்பார்கள்.

கேள்வித் தொகை

ஏலம் விழும் விலை நீங்கள் கொடுக்கும் விலை அல்ல. உதாரணமாக 10,000 ரூபாய்க்கு விழுந்தால், ஏல நிறுவனத்தின் கட்டணம் 15 சதவீதம் என்றால் 1,500. அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றால் 270. வெள்ளிக்கு 3 சதவீதம் 300. மொத்தம் 12,070. பேக்கிங், லாரி கூலி தனி. கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள்: கைக்கு வரும்போது 12,000 தாண்டக் கூடாது, கூலி 800 என்றால் மீதி 11,200ஐ 1.207ஆல் (மேலே வந்த 12,070ஐ 10,000ஆல் வகுத்தது) வகுத்தால் 9,279. ஆக 9,250க்கு மேல் கேட்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்கக் காரைக்குடியிலும் கொச்சி மட்டாஞ்சேரியிலும் கடைவிலை விசாரித்து வையுங்கள். கடைக்காரர் சொல்வது சொல்லும் விலைதான், பேரம் போகும் விலையைக் கேட்டுக் குறியுங்கள்.

சாமி சிலை, தந்தச் சாமான் இரண்டையும் தொடாதீர்கள். நூறாண்டு கடந்த சிற்பங்களைத் தொல்பொருள் சட்டம் 1972இன்படி பதிவு செய்திருக்க வேண்டும். தந்த வியாபாரத்துக்குத் தடை. வளைகுடாவிலிருக்கும் உறவினர் கேட்டார் என்று நூறாண்டுப் பழம்பொருளைக் கொடுத்தனுப்பவும் முடியாது, தனியார் ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

திருநீறு வைத்துத் தேய்ப்பது சாதாரண வெள்ளிச் செம்புக்குப் பரவாயில்லை. முலாம் சாமானையும் சுவாமி வேலையையும் அது தின்றுவிடும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீரும் பள்ளத்துக் கறுப்பைச் சேர்த்தே எடுத்துவிடும். வெண்கலத்துக்குப் புளி போட்டால் உடனே கழுவித் துடையுங்கள். பித்தளையை அமிலத்தில் ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும்.

குளச்சல், முட்டம் பக்கத்துக் கடலோர வீடுகளில் உப்புக்காற்று வெள்ளியில் குழி விழ வைக்கும். துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் ஆகாது, இரண்டும் வெள்ளியைக் கறுக்க வைக்கும். டிகாண்டர் மூடி இறுகிவிட்டால் விளிம்பில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள், குறடு போட்டால் கழுத்து உடையும். திறந்த பிறகு உள்ளே நன்றாக உலர்த்தி, மூடியைத் தனியே துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். மூடிப்போட்டு வைத்தால் அடைபட்ட ஈரம் இரண்டு மழைக்காலத்தில் உட்புறத்தை வெளுக்கச் செய்துவிடும்.