வெந்தய வரியன் கூட்டத்தில் ஒளிந்திருக்கும் வலசைக்காரி: மட்டக்களப்பில் தேடிப் பிடிப்பது எப்படி?

கடல் தாண்டிப் பறக்கக்கூடிய ஒரு வண்ணத்துப்பூச்சி, டனைட் எக்ஃபிளை. ஆபிரிக்கா, ஆசியா, அவுஸ்திரேலியா, கரீபியன் தீவுகள் என்று எங்கும் பரவியிருக்கிறது. இலங்கையிலும் உண்டு. ஆனால் பெண் பூச்சி, வெந்தய வரியன் என்ற வேறொரு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியை அச்சு அசலாக ஒத்திருப்பதால், பார்த்தும் பாராமல் போய்விடுகிறோம்.

வெந்தய வரியனின் புழு எருக்கிலை தின்று வளர்கிறது. அந்த நச்சு உடம்பில் தங்குவதால், ஒருமுறை கடித்த பறவை மறுபடி கிட்ட வராது. நச்சில்லாத எக்ஃபிளைப் பெண் அதே நிறத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது.

1. இடம்
காடு தேவையில்லை. புளியந்தீவு, கல்லடி, பாலமீன்மடுப் பக்கம் திறந்த மணல்வெளியோ வெறும் வளவோ போதும். தரையில் பருப்புக்கீரை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எக்ஃபிளைப் புழுவுக்குப் பிடித்த உணவு அது. மாரி மழை விட்டபின், வெயில் ஏறும் காலை நேரம் நல்லது.

2. முதலில் ஆணைத் தேடுங்கள்
பலரும் நேரே பெண்ணைத் தேடிக் களைத்துப்போகிறார்கள். ஆணை அடையாளம் காண்பது மிகச் சுலபம். கறுப்புச் சிறகு, பக்கத்துக்கு மூன்று வெள்ளைப் பொட்டு, அவற்றைச் சுற்றி வெயிலில் மின்னும் ஊதா. தரையிலோ தாழ்ந்த செடியிலோ உட்கார்ந்து காவல் காக்கும். விரட்டினாலும் பெரும்பாலும் அதே இடத்துக்கே திரும்பும். ஆண் இருந்தால் அங்கேயே நில்லுங்கள், பெண்ணும் அந்தப் பக்கம் வரக்கூடும்.

3. பின்சிறகைப் பாருங்கள்
சரி, இப்போது செம்மஞ்சள் பூச்சி ஒன்று வந்து சிறகை விரித்து உட்காருகிறது. முன்சிறகைப் பார்த்து ஏமாற வேண்டாம். கறுப்பு நுனி, வெள்ளைப் பட்டை இரண்டுக்குமே உண்டு. பின்சிறகின் மேற்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் மூன்று அல்லது நான்கு கறுப்புப் புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியன். நடு வெறுமையாக, மேல்விளிம்பில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தால் அது எக்ஃபிளைதான்! இன்னும் சந்தேகமா? வெந்தய வரியனின் கறுப்பு நெஞ்சில் வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். எக்ஃபிளையின் சிறகு ஓரம் கொஞ்சம் அலை அலையாக இருக்கும்.

4. படமும் பதிவும்
வலை வேண்டாம். உங்கள் நிழல் பூச்சிமேல் விழாமல் மெதுவாகக் கிட்டப் போய், விரிந்த சிறகை போனில் எடுங்கள். அப்புறம் திகதி, இடத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் ஏற்றிவிடுங்கள். ஆணும் பெண்ணும் கிடைத்தால் தனித்தனிப் பதிவாகப் போடுங்கள்.