'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தைப் பாடமாகப் பார்ப்பது எப்படி

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1993-இல் எடுத்த இந்தப் படம் 195 நிமிடம் ஓடும். நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த காலத்தில், தன் தொழிற்சாலைக்கான ஆட்களின் பட்டியல் என்று காட்டி யூதர்களைக் காப்பாற்றிய ஜெர்மன் தொழிலதிபர் ஆஸ்கர் ஷிண்ட்லரின் கதை இது. ஒரே இரவில் பார்த்து, அழுது, எழுந்து போனால் அது படிப்பாகாது. மூன்று தடவை பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் வேலை வேறு.

தொடங்குமுன் ஒரு தாளில் காலவரிசை எழுதிக்கொள்ளுங்கள். 1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்துக்குள் நுழைகிறது. 1941 மார்ச்சில் போலந்தின் கிராகோவ் நகர யூதர்கள் கெட்டோவில், அதாவது சுவரெழுப்பித் தனியாக்கிய குடியிருப்பில், அடைக்கப்படுகிறார்கள். 1943 மார்ச் 13, 14 தேதிகளில் கெட்டோ அழிக்கப்படுகிறது. எஞ்சியவர்கள் அருகிலிருந்த பிளாஷூவ் கட்டாய உழைப்பு முகாமுக்குப் போகிறார்கள். 1944 அக்டோபரில் ஷிண்ட்லரின் தொழிலாளிகள் செக் பகுதியில் பிரூன்லிட்ஸில் இருந்த அவருடைய புதிய தொழிற்சாலை முகாமுக்கு மாற்றப்படுகிறார்கள். இந்தத் தாள் இல்லாமல் உட்கார்ந்தால் கெட்டோ எது, முகாம் எது என்றே பலருக்குக் குழம்பிவிடும்.

முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள். இடைவேளை வேண்டுமென்றால் கெட்டோ அழிப்பு முழுதாக முடிந்தபின் விடுங்கள். நடுவில் நிறுத்தினால் அந்த மூச்சுமுட்டல் கலைந்துபோகும். வகுப்பில் திரையிடுவதானால் ஆசிரியர் முன்பே முழுப் படத்தையும் பார்த்திருக்க வேண்டும். சுட்டுக் கொல்வதும் நிர்வாணமும் மறைக்கப்படாமல் வருகின்றன.

இரண்டாம் தடவை ஒரே ஒரு இழையைப் பிடியுங்கள்: பெயர்கள். நோட்டில் மூன்று நெடுவரிசை போதும். எத்தனையாவது நிமிடம், பெயரைக் கேட்பவர் அல்லது எழுதுபவர் யார், எதற்காக. தொடக்கத்தில் மடக்கு மேசை போட்டு யூதர்களின் பெயரைப் பதிகிறார்கள். தட்டச்சுப் பொறி ஒலிக்கிறது. பின்னால் அதே மேசையும் அதே ஒலியும் மரண ரயிலுக்கு ஆள் சேர்க்கின்றன, பிறகு உயிர்களையும் மீட்கின்றன. ஷிண்ட்லரின் யூதக் கணக்காளர் ஷ்டெர்னை ரயிலிலிருந்து இறக்கும் காட்சியைத் தவறவிடாதீர்கள். அங்கே ஷிண்ட்லர் ஜெர்மன் அதிகாரிகளின் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். பெயர் எழுதப்படுவதன் பயம் ஒரு நிமிடம் திசை மாறுகிறது. படத்தின் முதுகெலும்பே இந்த இழைதான்.

அடுத்து, கெட்டோ அழிப்பின்போது சிவப்புக் கோட்டுச் சிறுமி வரும் ஐந்து நிமிடத்தை மட்டும் எடுத்து, ஒருமுறை ஒலியை அணைத்தும், ஒருமுறை திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டும், பிறகு இரண்டையும் சேர்த்தும் பாருங்கள். ஷாட் மாறும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள்; கேமரா தூரமா, நெருக்கமா, யாருடைய கண் என்று பக்கத்தில் குறியுங்கள். ஒலியில் குழந்தைகள் பாடுவது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழிப் பாட்டு, அடுப்பருகே பிள்ளைகளுக்கு எழுத்து கற்பிப்பதைப் பற்றியது. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே அது என்ன செய்கிறது?

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, 'சிவப்பு என்றால் அப்பாவித்தனம்' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவது. ஷிண்ட்லர் குன்றின் மேல் குதிரையில் இருக்கிறார். சிறுமி கட்டிலுக்கடியில் ஒளிவதை அவரால் பார்க்க முடியாது. அந்த ஷாட்டில் கோட்டின் நிறம் என்ன என்று நீங்களே பாருங்கள், பதில் அங்கிருந்து தொடங்கும். பெரும்பாலும் கறுப்பு-வெள்ளையான இந்தப் படத்தில் வேறெங்கெல்லாம் நிறம் வருகிறது என்றும் தனியாகக் குறியுங்கள். மெழுகுவர்த்திச் சுடரில் ஆரம்பியுங்கள்.

மூன்றாம் தடவை வரலாற்றோடு ஒப்பிடுவதற்கு. ஷிண்ட்லர் சொல்லச் சொல்ல ஷ்டெர்ன் பட்டியலைத் தட்டச்சு செய்தார் என்பது படத்தின் கற்பனை. நிஜத்தில் பட்டியலில் யார் இடம்பெறுவது என்பதில் மார்செல் கோல்ட்பெர்க் என்ற முகாம் எழுத்தருக்குப் பெரும் பங்கு இருந்தது. படத்து ஷ்டெர்னுக்குள் நிஜ ஷ்டெர்னோடு முகாமின் சுருக்கெழுத்தர் மீத்தெக் பெம்பரும் தொழிற்சாலை மேலாளர் ஆபிரகாம் பங்கியரும் கலந்திருக்கிறார்கள். பிளாஷூவ் முகாமின் தலைவன் அமோன் கோத் தன் மாளிகைப் பால்கனியிலிருந்து கைதிகளைச் சுடுவதாகப் படம் காட்டுகிறது. நிஜத்தில் அந்த மாளிகை குன்றுக்குக் கீழே இருந்தது. பால்கனியிலிருந்து முகாம் தெரியாது. ஆனால் அவன் தன் கையாலேயே கைதிகளைக் கொன்றவன். 1946-இல் கிராகோவில் தூக்கிலிடப்பட்டான். இந்த இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுங்கள். பால்கனி விவரத்தை மட்டும் எழுதினால், 'எல்லாமே கட்டுக்கதை' என்பவர்களுக்கு அது ஆயுதமாகிவிடும்.

எண்களையும் அருகருகே வையுங்கள். ஷிண்ட்லரின் பட்டியலால் பிழைத்தவர்கள் ஏறத்தாழ 1,100 பேர். ஐரோப்பாவில் கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 60 லட்சம். மீட்புக் கதையை மட்டும் படித்தால், தப்பிப்பதுதான் வழக்கம் என்ற எண்ணம் மனதில் பதிந்துவிடும்.

கடைசிப் பயிற்சி, படத்தில் இல்லாத ஒன்றை எழுதுவது. 1945 ஜனவரியில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் கோலெஷாவ் துணைமுகாமிலிருந்து பூட்டிய சரக்குப் பெட்டிகளில் சுமார் நூறு யூதர்கள் பிரூன்லிட்ஸ் வந்து சேர்ந்தார்கள். கதவுகள் பனியில் உறைந்திருந்தன, வலுக்கட்டாயமாகத்தான் திறக்க முடிந்தது. உயிரோடிருந்தவர்களுக்குக் கஞ்சி ஊட்டிப் பேணியதில் ஷிண்ட்லரின் மனைவி எமிலிக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தக் காட்சியைப் படத்தில் எங்கே சேர்ப்பீர்கள், சேர்த்தால் ஷிண்ட்லரைப் பற்றிய நம் பார்வை எப்படி மாறும் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள்.