பீர் காய்ச்சும் கொட்டகைக்கு ஒரு கப்பி

ஆஸ்திரேலியாவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்களிடையே பரவிய பை முறையில், மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த தானியம்) துணிப்பையில் போட்டு 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். சிரமமே அப்புறம், பையைத் தூக்கி வடியவிடும்போதுதான். 5 கிலோ மால்ட் தண்ணீர் குடித்து 9, 10 கிலோ ஆகிவிடும். சுடச்சுடச் சொட்டும் அந்தப் பையை எவ்வளவு நேரம்தான் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது?

பானைக்கு நேர் மேலே, உத்தரத்தில் வளையம் வைத்த போல்ட்டை முடுக்கிக் கப்பியை மாட்டுங்கள். உத்தரத்தில்தான்; ஜிப்சம் பலகையில் திருகினால் பையோடு பலகையும் இறங்கும். ஒற்றைக் கப்பி, கிணற்றில் இருப்பதுபோல, இழுக்கும் திசையை மட்டுமே மாற்றும், பாரம் குறையாது. மேலே இரண்டு, கீழே இரண்டு சக்கரம் உள்ள ஜோடி என்றால் 10 கிலோ இரண்டரை கிலோ போலத் தெரியும் (உராய்வுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்). பதிலுக்கு, ஒரு மீட்டர் தூக்க நாலு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும்.

கயிற்றைச் சுற்றிக் கட்டச் சுவரில் உறுதியான கொக்கி ஒன்று வேண்டும். கட்டிவிட்டால் பை தானாக வடியும், நீங்கள் டீ குடிக்கலாம். நைலான் கயிறு அடுப்புத் தீயருகே தொங்கினால் உருகிவிடும், கவனம். கொதிக்கும் பானையை மட்டும் இதில் தூக்கவே தூக்காதீர்கள்.