சிங்கப்பூர் போய் செடி வாங்கறவங்களுக்கு: அத்தை கேட்டாலும் செண்பகம் வேண்டாம்

யாரு தண்ணி ஊத்துவாங்கன்னு தெரியாம ஒரு செடியும் வாங்காதீங்க, மத்த விஷயமெல்லாம் இதுக்கப்புறம்தான். சிங்கப்பூர்ல பொறந்து வளந்து இப்ப பெர்த், மெல்பர்ன், லண்டன்னு செதறிக் கெடக்கற நம்மாளுங்க ஸ்கூல் லீவுக்கு ஊருக்குப் போனா லிட்டில் இந்தியாவுல தேக்கா சந்தை, முஸ்தபா கடை, அப்புறம் ஏதாச்சும் ஒரு நர்சரின்னு ஒரு சுத்து சுத்தாம திரும்பறது இல்ல. இங்க ஆஸ்திரேலியாவுல வீட்டுக்குப் பின்னாடி மண்ணு இருக்கு, ஆனா மல்லிகையக் குளிர்காலத்துல காப்பாத்தவே உயிர் போகுது. அங்க நர்சரிக்குள்ள கால் வெச்சதும் அந்த ஈர மண்ணு வாசன மூக்குல ஏறும், கை தன்னால பர்ஸுக்குப் போகும். போகட்டும், ஆனா வாங்கறது எங்க போய் உக்காரும்னு யோசிச்சுட்டுப் போங்க.

பெட்டிக்குள்ள மட்டும் உக்காராது. ஆஸ்திரேலியாவுக்கு உயிருள்ள செடி கொண்டு வரணும்னா முன்கூட்டியே இம்போர்ட் பர்மிட் எடுக்கணும், சிங்கப்பூர்ல தேசியப் பூங்காக் கழகத்துக்கிட்ட சான்றிதழ் வாங்கணும், அப்புறமும் மெல்பர்ன் பக்கத்துல மிக்கிள்ஹாம்ல இருக்கற குவாரண்டைன்ல வெச்சுப் பாப்பாங்க. எங்க வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா அதுக்கும் மேல தனியா சட்டம் வெச்சிருக்கு. கறிவேப்பிலைக் குச்சிய ஈரத்துணில சுத்தி ஜீன்ஸ் பாக்கெட்ல செருகற ஆளுங்கள எனக்குத் தெரியும், பேரு சொல்லல. எலுமிச்சை, ஆரஞ்சு மரத்தையெல்லாம் கொல்ற கிரீனிங் நோயப் பரப்பற பூச்சி கறிவேப்பிலைலயும் குடியிருக்கும், அந்த நோய் ஆஸ்திரேலியாவுக்குள்ள இன்னும் வரல, அதனாலதான் அவ்ளோ கெடுபிடி. ஆர்க்கிட் ஆசையும் வேணாம், அந்தக் குடும்பம் முழுக்க சைட்டிஸ் (அழியற செடி, விலங்கு வியாபாரத்தக் கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு, பேப்பர் இல்லாம கொண்டு வந்தா வம்பு.

ஆக, அங்க வாங்கறது அங்கயே விட்டுட்டு வர்றதுக்குத்தான். இது தெரிஞ்சும் வாங்கறோம்.

எங்க போறதுன்னா, தாம்சன் ரோடு பக்கம் எல்லாருக்கும் தெரியும், உள்ளூர்க் கூட்டமும் அங்கதான். எனக்குப் புடிச்சது ஈசூன்ல பா சூன் பா ரோடு, ரப்பரும் அன்னாசியும் போட்ட லிம் நீ சூன் காலத்து எடம், காத்திப் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல எறங்கி டாக்சி எடுத்தா கொஞ்ச தூரம்தான். சுங்கை தெங்கா, கிராஞ்சிப் பக்கம் போனா கடைங்கறத விடப் பண்ணைன்னே சொல்லணும், நடக்க எடம் இருக்கும், ஆனா திரும்பி வர டாக்சி கெடைக்கறது கஷ்டம், தொட்டியோட நின்னா இன்னும் கஷ்டம். கெளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேளுங்க. இந்த எடமெல்லாம் அரசாங்க நெலத்துல குத்தகைக்கு ஓடுது, குத்தகை முடிஞ்சா கெளம்ப வேண்டியதுதான், லிம் சூ காங்ல ராணுவப் பயிற்சிக்கு நெலம் வேணும்னு எத்தனையோ பண்ணைங்க காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. நான் சின்னப் புள்ளைல அப்பாவோட போன நர்சரியத் தேடிப் போனா அங்க இப்ப கட்டட வேலைக்குத் தடுப்பு அடிச்சு கிரேன் நிக்குது.

கைல காசு வெச்சுக்கோங்க. சின்னக் கடைல பேநவ் (போன்லயே பேங்க்ல இருந்து பணம் அனுப்பறது) இல்லன்னா ரொக்கம். பேங்க் கணக்க மூடிட்டுப் போன நமக்கு பேநவ் கெடையாது, கியூஆர் கோட நீட்டிக்கிட்டு அந்த ஆன்ட்டி நம்மளப் பாக்கற பார்வை இருக்கே, டூரிஸ்ட்டப் பாக்கற மாதிரியே இருக்கும்.

ரோஜா, லாவண்டர், ஹைட்ரேஞ்சியா இதெல்லாம் பாத்து மயங்காதீங்க. மலேசியாவுல கேமரன் மலைக் குளிர்ல வளந்து வந்தது நெறைய இருக்கும், கீழ இந்தச் சூட்டுல கொஞ்ச வாரத்துல வாடிடும். இத எனக்குச் சொன்னது மொதலாளி இல்ல, அங்க வேல பாத்த தம்பி, புதுக்கோட்டைப் பக்கம். நான் தமிழ்ல பேசினதும் தண்ணி ஹோஸ ஓரமா போட்டுட்டு வந்தான். நான் எடுத்து வெச்சிருந்த ரோஜாத் தொட்டிய ஒரு கையால சாச்சு, அடில ஓட்டை வழியா வேர் எட்டிப் பாக்குதான்னு பாத்தான், எலைய மடக்கிப் பின்பக்கம் கட்டவிரலால தேச்சுக் காட்டினான், விரல்ல செம்பழுப்பா பொடி மாதிரி ஒட்டிச்சு, அதுல சிலது நடந்து போச்சு. "சிலந்திப் பேனு அக்கா, இத வாங்கிட்டுப் போனா வீட்ல இருக்கறதுக்கும் ஏறும்"னு அடிக்கொரலா சொன்னான். அதுக்கப்புறம் நான் எந்தச் செடியும் எலையத் திருப்பிப் பாக்காம எடுக்கறதில்ல. எலைக்கும் தண்டுக்கும் நடுவுல பஞ்சு மாதிரி வெள்ளையா இருந்தா மாவுப்பூச்சி, அதையும் தொடாதீங்க. உரமண்ணு வாங்கினா கொஞ்சம் சுட்ட மண்ணும் சேத்து வாங்குங்க, காரிடார்ல (அடுக்குமாடி புளோக்ல வீட்டு வாசலுக்கு வெளிய இருக்கற பொது நடைபாதை) வெக்கற தொட்டில தண்ணி தேங்காம இருக்க அதான் கைகொடுக்கும்.

இப்ப அத்தை கதைக்கு வரேன். சொல்லித்தான் ஆகணும், ஏன்னா உங்க வீட்லயும் ஒரு அத்தை இருக்கும்.

அப்பா அத்தை வீட்டுக் காரிடார்ல ஒரு செண்பகம் வெச்சிருந்தாரு. அவரு போனதுக்கப்புறம் அதுவும் போச்சு. நான் போய் எறங்கி இன்னும் பசியாறக்கூட இல்ல, "உங்கப்பன் வெச்சதுதான் செத்துப்போச்சு, நீயாச்சும் ஒண்ணு வாங்கி வெச்சுட்டுப் போ, சாமிக்குப் பூ இல்ல"ன்னு அத்தை ஆரம்பிச்சுட்டாங்க. தேக்காவுல பூ வாங்கித் தரேன்னு சொன்னதுக்கு ரெண்டு நாள் பேச்சில்ல. சரின்னு தேடினா எந்த நர்சரிலயும் வெள்ளச் செண்பகம்தான் எடுத்துக் காட்டறாங்க, சீனங்க வீட்ல, கோயில்ல எல்லாம் வெப்பாங்களே அது. அத்தைக்கு மஞ்சளு வேணும். "செம்பாக்கா கூனிங்"னு மலாய்ல கேட்டாத்தான் தலையாட்டறாங்க. விதைல வந்த கன்னா, பதியம் போட்டதான்னு கண்டிப்பாக் கேளுங்க, விதைக்கன்னு பூக்கப் பல வருஷம் ஆகும், அத்தைக்கு வயசு எழுபத்தெட்டு. ஒரு வழியா கெடைச்சு, டாக்சிக்காரரு சீட்ல நியூஸ்பேப்பர் விரிச்சு, எலை கண்ணாடில இடிக்க இடிக்கக் கொண்டு வந்து வெச்சேன்.

வெச்ச வாரமே புளோக்கப் பராமரிக்கற டவுன் கவுன்சில்ல இருந்து நோட்டீஸ். பக்கத்து வீட்ல யாரோ புகார் குடுத்திருக்காங்க. தீ பத்தினா ஓடறதுக்குக் காரிடார்ல 1.2 மீட்டர் வழி விடணும், அது சரியான சட்டம்தான், நான் மறுக்கல. ஆனா அந்தத் தொட்டிய விட அத்தானோட செருப்பு அலமாரிதான் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, நோட்டீஸ ஒட்டினது தொட்டில. அத்தான் வேல விஷயமா வெளியூர்ல, வீடு அவரு பேர்ல, அத்தைக்கு முழங்கால் வலி, அதனால டவுன் கவுன்சில் ஆபீஸுக்கு நான் போனேன். நம்பர் எடுத்து உக்காந்து, கூப்பிட்டதும் போனா கவுன்டர்ல இருந்த பொண்ணு மொதல்ல கேட்டது "ஐசி?", அடையாள அட்டை. பாஸ்போர்ட்ட நீட்டினேன், கங்காரு படம் போட்டது. சிங்கப்பூர்ல ரெட்டைக் குடியுரிமை கெடையாது, குடிமக்களுக்குக் குடுக்கற என் பிங்க் ஐசியத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் போனேன். வீட்டு ஓனரான்னு கேட்டா, இல்ல. அந்த வீட்ல இருக்கீங்களான்னா, இல்ல, லீவுக்கு வந்திருக்கேன். அப்ப ஓனர் ஈமெயில் அனுப்பட்டும்னுட்டா. நான் அதே பேட்டைல ஸ்கூல் படிச்சவ, அந்த புளோக் லிஃப்ட் எல்லா மாடிலயும் நிக்காத காலத்துல சைக்கிளத் தூக்கிட்டுப் படியேறினவன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அவ ரொம்ப மரியாதையாத்தான் பேசினா, அதுதான் இன்னும் எரிச்சல். அடுத்த நாள் வேற ஒருத்தர், வேற கவுன்டர், மறுபடியும் மொதல்ல இருந்து. டேப் எடுத்து நானே அளந்து போட்டோ காட்டினேன், ஓனர் அனுப்பணும்னு அதே பதில். கீழ இருக்கற சமூகத் தோட்டத்துல வெச்சுக்கலாமான்னு அங்க தலைவரா இருக்கற அங்கிளக் கேட்டா, மரமா வளர்றது வேணாம்னு அவரு கைய விரிச்சுட்டாரு, அதுவும் நியாயம்தான், செண்பகத்த மண்ணுல விட்டா புளோக் உசரத்துக்குப் போகும்.

லீவு பாதி இதுலயே போச்சு. கடைசில செருப்பு அலமாரிய நான் கழட்டிக் கீழ போட்டேன், தொட்டி செவுத்தோட ஒட்டி நின்னுச்சு, அத்தான் எங்கயோ இருந்து ஈமெயில் அனுப்பினாரு, விஷயம் முடிஞ்சுது. செருப்பெங்கன்னு அத்தை இன்னும் கேக்கறாங்க.

இப்ப வாரத்துக்கொரு தடவ வாட்ஸப்ல எலைப் படம் வருது, மஞ்சளாயிருக்கு என்னன்னு பாருன்னு. நான் இங்க இருந்து எப்சம் உப்பு போடுங்க, தட்டுல தண்ணிய வடிங்கன்னு டைப் பண்றேன். தட்டுத் தண்ணி விஷயத்துல விளையாடாதீங்க, கொசு முட்டை ஒரு வாரத்துல கொசுவா வந்து நிக்கும், டெங்கிக்கு செக் பண்ண ஆளு வந்து புழுவப் பாத்தா வீட்டுக்காரருக்கு 200 வெள்ளி அபராதம். நீங்க பெர்த்ல இருப்பீங்க, கட்டறது அவங்க. தட்டே வெக்காம, காஞ்சு இறுகின மேல்மண்ணக் கிளறி விட்டுட்டு வாங்க.

அத்தை அடம்புடிச்சா துளசி, வெற்றிலை, சமையலுக்கு வாசனைக்குப் போடற பாண்டான், ஒரு லிமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை மாதிரி), இதுல எதாச்சும் ஒண்ணுல சமாதானம் பண்ணுங்க, சின்னத் தொட்டி, நகத்தறது சுலபம். வெயில் எந்தப் பக்கம் விழுதுன்னு காலைலயும் சாயங்காலமும் நின்னு பாத்துட்டு வாங்குங்க, லிமாவுக்கு நெறைய வெயில் வேணும், பாண்டான் அரை நெழல்லயும் நிக்கும். சுவர் விளிம்பு மேல எதையும் வெக்க வேணாம், கீழ விழுந்தா போலீஸ் கேஸு.

நர்சரிக்கு வாரநாள்ல காலைலயே போங்க, வேல பாக்கற தம்பிங்க அப்பத்தான் நின்னு பேசுவாங்க. சீனப் புத்தாண்டுக்கு முந்தின ரெண்டு வாரம் அந்தப் பக்கம் தலவெக்காதீங்க, எங்க பாத்தாலும் செவப்பு ரிப்பன் கட்டின கும்குவாட் மரம், வண்டி நிறுத்த எடம் இருக்காது, வெலையும் ஏறிக் கெடக்கும், புத்தாண்டன்னிக்குப் போனா கதவு சாத்தியிருக்கும்.