முதல் ட்ரக் வேலை: ஒன்ராறியோவில் ஒரு கம்பனியைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஏர் பிரேக் உள்ள பெரிய ட்ரெய்லர் ட்ரக் ஓட்டுவதற்கான ஏ-இசட் லைசென்ஸ் கைக்கு வந்த கிழமையே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். பிரம்டனில் இருந்து ஒருவர், மிசிசாகாவில் இருந்து ஒருவர், நண்பருடைய நண்பர் ஒருவர். "தம்பி, மைலுக்கு இவ்வளவு சதம் தாறம், வண்டி புது வொல்வோ, திங்கட்கிழமை வந்து திறப்பை வாங்குங்கோ." பயிற்சிப் பள்ளிக்கு ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டுக் கடனோடு நிற்பவருக்கு அந்த அழைப்பு இனிக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை போக வேண்டாம். ஒரு கிழமை பொறுத்து, கீழே சொல்வதை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்.

எல்லாப் படியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏதாவது பிழைத்துப் போனால் யார் தலையில் விழும்?

2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் ஹொக்கி அணியின் பஸ்ஸும் ஒரு ட்ரக்கும் மோதி 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயப்பட்டார்கள். ட்ரக் ஓட்டியவர் அந்தச் சிறிய அல்பேர்ட்டா கம்பனியில் சேர்ந்து சில கிழமைகளே ஆகியிருந்தன. பழையவரோடு சேர்ந்து ஓடிய பயிற்சி இரண்டு கிழமை. நிறுத்தற் குறியில் நிற்காமல் போனது அவருடைய குற்றம். அதை அவரே நீதிமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். அவருக்கு 8 ஆண்டுச் சிறை. பாதுகாப்பு விதிகளையும் ஓட்ட நேரப் பதிவுகளையும் ஒழுங்காகப் பார்க்காத கம்பனி உரிமையாளருக்கு 5,000 டாலர் அபராதம். புதிதாக ஓட்ட வருகிற ஒவ்வொருவரும் இந்த இரண்டு தண்டனைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

படி 1: பதிவைத் தேடுங்கள்

அழைத்தவரிடம் கம்பனியின் முழுப் பதிவுப் பெயரையும் சிவிஓஆர் என்கிற மாகாணப் பதிவு எண்ணையும் கேளுங்கள். ஒன்ராறியோவில் பாரமான வாகனம் ஓட்டுகிற ஒவ்வொரு கம்பனிக்கும் அந்தப் பதிவு இருக்கும். விபத்து, குற்றத் தீர்ப்பு, தெருவோரப் பரிசோதனை மூன்றும் அதில்தான் ஏறும். மாகாண அரசின் இணையத்தில் கம்பனியின் பாதுகாப்புத் தரத்தை இலவசமாகப் பார்க்கலாம். சிறு கட்டணம் கட்டினால் கடந்த இரண்டு ஆண்டுக்கான சுருக்கமும் கிடைக்கும். அந்தக் காசைக் கட்டாயம் செலவழியுங்கள்.

தரத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "திருப்தி, தணிக்கை செய்யப்படவில்லை" என்று இருந்தால் அது நற்சான்றிதழ் இல்லை. அதிகாரிகள் இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். பெரும்பாலான சிறு கம்பனிகள் அந்த நிலையில்தான் இருக்கும், அதற்காகவே ஒதுக்கிவிட வேண்டாம். "நிபந்தனைக்குட்பட்டது" என்று இருந்தால் முதல் வேலைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அமெரிக்காவுக்கு ஓடுகிற கம்பனி என்றால் இன்னொரு வழியும் உண்டு. ட்ரக்கின் கதவில் டொட் நம்பர் (அமெரிக்கப் பதிவு எண்) எழுதியிருக்கும். அதை அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சேஃபர் தளத்தில் போட்டுப் பாருங்கள். எத்தனை ட்ரக், எத்தனை ஓட்டுநர், இரண்டு ஆண்டில் எத்தனை விபத்து, பரிசோதனையில் எத்தனை வாகனத்தை "இனி ஓடக்கூடாது" என்று அந்த இடத்திலேயே நிறுத்தினார்கள் என்பதெல்லாம் வரும். பக்கத்திலேயே அமெரிக்கச் சராசரியும் இருக்கும். கம்பனியின் விகிதம் சராசரியை விட மிகவும் மேலே போனால் பிரேக், டயர், விளக்கு போன்றவற்றைத் திருத்தாமல் வண்டியைத் தெருவுக்கு அனுப்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டே ட்ரக் வைத்திருப்பவரிடம் ஒரே ஒரு பரிசோதனை கூட விகிதத்தை ஏற்றிவிடும், அதனால் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

முகவரியையும் ஒருக்கா இணையத்தில் தேடுங்கள். கெட்ட பதிவு சேர்ந்தவுடன் ஒரு பெயரை மூடி, அதே யார்டில் வேறு பெயரில் திறப்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 2: "டி4 தருவீர்களா?"

டி4 என்பது ஊழியருக்குக் கம்பனி ஆண்டுதோறும் தருகிற சம்பள, வரிச் சீட்டு. இந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் கம்பனிகள் கழிந்துவிடும்.

பதில் இப்படி வரலாம்: "நீங்கள் ஒரு கோர்ப்பரேஷன் திறவுங்கோ, நாங்கள் ஒன்றும் பிடிக்காமல் முழுக் காசும் தாறம்." இதற்கு இங்கே டிரைவர் இங்க் என்று பெயர். ட்ரக் அவர்களுடையது, டீசல் அவர்களுடையது, எந்த லோட், எத்தனை மணிக்கு என்பதும் அவர்கள் சொல்வது. ஆனால் கடதாசியில் மட்டும் நீங்கள் ஒரு தனி வியாபாரி. மாகாணம் அல்லது நாடு தாண்டி ஓடுகிற கம்பனிகளுக்குப் பொருந்துகிற கனடா தொழிற் சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டத்தில், ஊழியரை ஊழியர் இல்லை என்று காட்டுவது 2021 முதல் தடை. 2024 ஜூனில் இன்னும் இறுக்கினார்கள்: நீங்கள் ஊழியர் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பனிக்கே. அப்படியிருந்தும் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முழுக் காசு என்று கையில் வருவதை வடிவாகக் கணக்குப் பாருங்கள். வரித் துறை அந்தக் கோர்ப்பரேஷனை ஊழியர் வேலைக்கான வெறும் போர்வை என்று முடிவு செய்தால் சிறு வியாபாரத்துக்கான வரிச் சலுகை இல்லை. ஒன்ராறியோவில் அந்தக் கோர்ப்பரேஷனின் இலாபத்துக்குக் கூட்டாட்சி, மாகாண வரி இரண்டும் சேர்ந்து 44.5 சதவீதம். இலாபத்தை வைக்காமல் எல்லாவற்றையும் உங்களுக்கே சம்பளமாக எடுத்தால், சிபிபி ஓய்வூதியத்தில் கம்பனி கட்ட வேண்டிய பாதியையும் நீங்களே கட்டுவீர்கள். வேலை போனால் ஈஐ என்கிற வேலையிழப்புக் காப்புறுதிக் காசு இல்லை. ட்ரெய்லரில் இருந்து விழுந்து முதுகு முறிந்தால், நீங்களாகக் காப்புறுதி எடுத்திருந்தால் ஒழிய டபிள்யூஎஸ்ஐபி என்கிற மாகாண வேலைவிபத்துக் காப்புறுதி இல்லை. விடுமுறைக் காசு இல்லை, 2022 டிசம்பரில் வந்த 10 நாள் சம்பளத்தோடான சுகவீன விடுப்பும் இல்லை.

சொந்தமாக ட்ரக் வாங்கி, தானே லோட் தெரிந்தெடுத்து ஓடுகிற ஓனர்-ஒப்பரேட்டர் உண்மையான வியாபாரி. அது வேறு. ஆனால் முதல் ஆண்டில், கம்பனியே தவணைக் காசுக்குத் தருகிற ட்ரக்கை வாங்கி அவர்களிடமே ஓடுகிற ஏற்பாட்டுக்குள் போகாதீர்கள். வேலையும் கடனும் ஒரே ஆள் கையில் இருந்தால் பிறகு "ஏலாது" என்று சொல்ல வாய் வராது.

படி 3: மைலை மணித்தியாலமாக மாற்றுங்கள்

மைலுக்கு 60 சதம், கிழமைக்கு 2,500 மைல் என்று வைத்துக்கொள்வோம். 1,500 டாலர். இனி அந்தக் கிழமையின் மணித்தியாலங்களை எழுதுங்கள். ஓட்டியது மட்டுமல்ல, காலையில் வாகனத்தைச் சுற்றிப் பார்த்தது, டீசல் அடித்தது, எல்லையில் நின்றது, கிடங்கு வாசலில் நான்கு மணித்தியாலம் காத்திருந்தது எல்லாம் சேர்த்து. 60 மணித்தியாலம் என்றால் மணிக்கு 25 டாலர். 70 என்றால் ஏறக்குறைய 21.40.

அதனால் சதத்தைக் கேட்ட பிறகு இவற்றையும் கேளுங்கள். எந்த மைலுக்குக் காசு, ஓடோமீட்டர் காட்டுவதற்கா, கம்ப்யூட்டர் காட்டும் மிகக் குறுகிய பாதைக்கா? வெறும் ட்ரெய்லரோடு ஓடும் மைலுக்கும் அதே காசா? காத்திருக்கும் நேரத்துக்கு எத்தனையாவது மணித்தியாலத்தில் இருந்து தருவீர்கள்? லோட் இல்லாமல் ஒரு நாள் முழுக்க வெளியூரில் கிடந்தால்? கூட்டாட்சிச் சட்டப்படி நெடுந்தூர ஓட்டுநருக்குக் கிழமையில் 60 மணித்தியாலத்துக்கு மேல் ஓவர்டைம் உண்டு. நகரத்துக்குள் ஓடுபவருக்கு நாளுக்கு 9, கிழமைக்கு 45. மைல் கணக்கில் சம்பளம் தருகிற இடத்தில் இதை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல கம்பனியின் சம்பளப் பிரிவு உடனே விளக்கும்.

படி 4: பக்கத்து இருக்கையில் யார்?

லைசென்ஸ் சோதனைக்கு முன் எடுக்க வேண்டிய மெல்ட் என்கிற ஆரம்பப் பயிற்சி ஒன்ராறியோவில் 2017 ஜூலையில் இருந்து கட்டாயம், குறைந்தது 103.5 மணித்தியாலம். அது சோதனை பாஸ் பண்ணப் போதும். ஜனவரியில் தண்டர் பே பக்கம் நெடுஞ்சாலை 17-இல், எதிரே வரும் ட்ரக் பனிப்புழுதியைக் கிளப்பி எதுவும் தெரியாமல் போகிற அந்தச் சில விநாடிகளுக்குப் போதாது.

பழைய ஓட்டுநரோடு எத்தனை கிழமை விடுவீர்கள் என்று கேளுங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்றும் கேளுங்கள். கம்பனி கட்டாயப்படுத்தும் பயிற்சிக்குக் காசு தர வேண்டும், "முதல் இரண்டு கிழமை இலவசம்" என்ற பேச்சே பிழை. நீங்கள் ஓட்டும்போது பயிற்சியாளர் விழித்திருப்பாரா, பின்னால் படுத்திருப்பாரா? சில இடங்களில் பயிற்சி என்ற பெயரில் இரண்டு பேரைப் போட்டு இரவும் பகலும் வண்டியை ஓட விடுகிறார்கள். அவர் தூங்கினால் உங்களுக்கு யார் சொல்லித் தருவது?

படி 5: நேரமும் பனியும் எல்லையும்

கனடாவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் ஓட்டலாம், மொத்த வேலை 14, வேலை தொடங்கியதில் இருந்து 16 மணித்தியாலத்துக்குப் பிறகு ஓட்டக்கூடாது. அமெரிக்காவில் 11 மணித்தியால ஓட்டம், அதுவும் வேலை தொடங்கிய 14 மணித்தியாலத்துக்குள். இதை ட்ரக்கில் பூட்டியிருக்கும் ஈஎல்டி என்கிற மின்னணுக் கருவி பதிவு செய்துகொண்டே இருக்கும்.

நேர்காணலில், லோட்டும் நேரமும் சொல்லி வண்டிகளை அனுப்புகிற டிஸ்பாட்சரோடு கதைக்க வேண்டும் என்று கேளுங்கள். தினமும் உங்களோடு கதைக்கப் போகிறவர் அவர்தான். "என்னுடைய நேரம் முடிய அரை மணித்தியாலம் இருக்கு, லோட் இறக்க ஒரு மணித்தியாலத் தூரம் இருக்கு. என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "நிறுத்துங்கோ, நான் வாடிக்கையாளருக்குச் சொல்லுறன்" என்பவர் நல்லவர். "சொந்தப் பாவனை என்று மாத்திப்போட்டு வாங்கோ" என்பவர் உங்கள் லைசென்ஸை வைத்து விளையாடுகிறார். கனடாவில் சொந்தப் பாவனை, அதாவது வேலைக்கு இல்லாமல் தன் தேவைக்கு ஓடுவது, நாளுக்கு 75 கிலோமீட்டருக்குள்தான், அதுவும் லோடும் ட்ரெய்லரும் இல்லாமல்.

அப்புறம் பனி. பாதை மோசம், நிற்கப் போகிறேன் என்று ஓட்டுநர் சொன்னால் அதுவே முடிவா, மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டுமா? இதற்கு எழுத்தில் ஒரு கொள்கை இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

எல்லை தாண்டுபவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ரொறன்ரோவில் ஏற்றி அட்லாண்டாவில் இறக்கலாம், அட்லாண்டாவில் ஏற்றி ரொறன்ரோவுக்குத் திரும்பலாம். அட்லாண்டாவில் ஏற்றி டலஸில் இறக்கு என்றால் அது அமெரிக்கருடைய வேலை, கனடிய ஓட்டுநர் செய்யக்கூடாது. அகப்பட்டால் அடுத்த முறை எல்லையில் திருப்பி அனுப்பப்படுவது டிஸ்பாட்சர் இல்லை, நீங்கள். "சும்மா ஒரு லோட்தானே" என்று கேட்கிற கம்பனியை விட்டு விலகுங்கள்.

படி 6: யார்டுக்குப் போங்கள்

முன்வாசலில் நிற்கும் மினுங்கும் ட்ரக்கைப் பார்க்க வேண்டாம். பின்னால் நிற்கும் ட்ரெய்லர்களின் டயரைப் பாருங்கள், விளக்கைப் பாருங்கள், ஆண்டுப் பரிசோதனை ஒட்டியின் திகதியைப் பாருங்கள். குளிர்காலத்தில் எஞ்சினை அணைத்தாலும் படுக்கையைச் சூடாக்கும் ஹீட்டர் இருக்கிறதா? ஓட்டுநர்களுக்குக் கழிவறை திறந்திருக்கிறதா? இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஓட்டுநரை ஒரு கம்பனி எப்படி நினைக்கிறது என்பது அங்கே தெரியும்.

அங்கே நிற்கும் ஓட்டுநர்களோடும் கதையுங்கள். அலுவலகத்தார் அறிமுகப்படுத்துபவரோடு இல்லாமல், வேலை முடித்து இறங்கி வருபவரோடு. "அண்ணா, போன கிழமை காசு சரியாக வந்ததா?" என்று தொடங்கினால் போதும், மிச்சத்தை அவரே சொல்வார். நெடுஞ்சாலை 401 ஓர ட்ரக் நிலையங்களில் அதே கம்பனியின் வண்டியைக் கண்டாலும் கேளுங்கள். ஒருவர் குறை சொன்னால் அது அவருடைய கோபமாக இருக்கலாம். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் நம்புங்கள்.

படி 7: கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க விடாத இடத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். சேதத்துக்குச் சம்பளத்தில் வெட்டுவோம் என்ற வரியைத் தேடுங்கள். கூட்டாட்சிச் சட்டப்படி, வேறு ஆட்களும் கையாளக்கூடிய பொருளின் சேதத்துக்கு ஊழியரின் சம்பளத்தில் வெட்ட முடியாது. மூன்று பேர் மாறி மாறி ஓட்டும் ட்ரக்கின் பழைய கீறல் உங்கள் கணக்கில் வரக்கூடாது. முதல் நாளே வாகனத்தைச் சுற்றிப் படம் எடுத்துவைப்பது இதற்காகத்தான். வேலை தருவதற்கு முன்பணம் கேட்டால், அல்லது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கக் கம்பனி வாங்குகிற எல்எம்ஐஏ கடிதத்துக்கு உங்களிடம் காசு கேட்டால், அது சட்டவிரோதம். அங்கே வேறு எதையும் சோதிக்கத் தேவையில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகு முதல் இரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளையும் உங்கள் சொந்த மைல், நேரக் குறிப்பையும் ஒரு கொப்பியில் ஒன்றாக வையுங்கள். டிஸ்பாட்சரின் குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம். கணக்கு உதைத்தால் முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள், வாயால் கேட்டது பிறகு நிற்காது. அப்படியும் வராவிட்டால் கூட்டாட்சித் தொழில் துறையில் முறையிடலாம். காசு தர வேண்டிய நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும், "அடுத்த கிழமை தாறம்" என்ற பேச்சில் அந்த ஆறு மாதத்தை ஓட விடாதீர்கள். ஒன்ராறியோவுக்குள் மட்டும் ஓடுகிற கம்பனி என்றால் முறைப்பாடு மாகாணத் தொழில் அமைச்சுக்குப் போகும்.