ஷவரில் வேகம் இல்லையா? கீசரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

தாம்பரத்தில் அக்கா வீட்டில் 15 லிட்டர் கீசரைக் கழற்றிவிட்டு 25 லிட்டர் மாட்டினார்கள். மறுநாள் காலையிலும் ஷவரில் தண்ணீர் நூல் நூலாகத்தான் விழுந்தது. ஷவர் தலையைத் திருகி எடுத்து உள்ளங்கையில் தட்டினேன். உப்புச் செதில்களும், குழாயை அறுத்தபோது உள்ளே போன பிளாஸ்டிக் துருவலும் கொட்டின. வினிகரில் ஓர் இரவு ஊறப் போட்டோம், துளைகள் திறந்துகொண்டன. கீசருக்குக் கொடுத்த காசுதான் இன்னும் மனசை அறுக்கிறது.

கீசர் தண்ணீரைச் சூடாக்கும், தள்ளாது. தள்ளுவது மொட்டை மாடித் தொட்டியின் உயரம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடிக் குளியலறைக்கு 2, 3 மீட்டர்தான் உயரம், அதாவது 0.2, 0.3 பார். கீழ்வீட்டில் நன்றாக வருவதும் மாடியில் வராததும் இதனால்தான்.

ஆகவே முதலில் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வாளியை வையுங்கள். பச்சைத் தண்ணீரை மட்டும் திறந்து வாளி நிறைய எத்தனை நொடி என்று பாருங்கள், பிறகு வெந்நீரை மட்டும். இரண்டுமே வேகமாக வந்தால் குற்றவாளி ஷவர் தலைதான். வெந்நீர் மட்டும் மெதுவாக வந்தால் கீசர் பக்கம் பாருங்கள்: கீசருக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் வால்வு பாதி திறந்திருக்கும், இணைப்பு ஹோஸ் மடங்கியிருக்கும், போர் தண்ணீரின் உப்பு படிந்திருக்கும். இரண்டுமே மெதுவென்றால் தொட்டி உயரமும் குழாயும்தான் காரணம். பழைய ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உள்ளே துருவேறிக் குறுகியிருந்தால் அழுத்தம் கூட்டும் பம்ப் வைத்தும் பெரிய பலன் இருக்காது. குழாயை மாற்றும்போது வெந்நீர் லைனுக்குச் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி.தான் போட வேண்டும், சாதாரண பி.வி.சி. சூட்டில் இளகிவிடும்.

பிரஷர் பம்ப் வைப்பவர்கள் பலர் அதைப் பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் மாட்டிவிடுகிறார்கள். அப்போது இரண்டும் கலக்கும் மிக்சர் குழாயில் பச்சைத் தண்ணீர் வெந்நீரை எதிர்த்துத் தள்ளும், ஷவர் வேகமாக வரும், ஆனால் ஜில்லென்று வரும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே பம்ப் இருக்க வேண்டும். கீசரின் லேபிளில் எத்தனை பார் தாங்கும் என்று போட்டிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைத் தேக்கி வைக்காமல் ஓடும்போதே சூடாக்கும் இன்ஸ்டன்ட் கீசர் இருக்கிற வீட்டில் இன்னொரு சிக்கல். 3 கிலோவாட் கீசர் நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் சுமார் 14 டிகிரி சூடேற்றும். பம்ப் வைத்து 6 லிட்டர் ஆக்கினால் 7 டிகிரிதான், மார்கழியில் அது போதாது. அகலமான மழை ஷவர் ஆசைப்படுபவர்களும் கணக்குப் போடுங்கள்: தேக்கி வைக்கும் கீசரில் 60 டிகிரியில் இருக்கும் 25 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் குளிக்கிற சூட்டில் 50 லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் ஐந்து நிமிடக் குளியல்தான். மறுபடி சூடேற, 2 கிலோவாட் கீசருக்கு அரை மணி நேரம் ஆகும்.

என்னைப் பயமுறுத்துவது ஒன்றுதான். சூடாகும்போது தண்ணீர் விரிவதால் கீசரின் சேஃப்டி வால்வு சில சமயம் சொட்டும். பம்ப் மாட்டிய பிறகு அப்படிச் சொட்டுவதைப் பார்த்து, தரை ஈரமாகிறதே என்று எண்ட் கேப் என்ற மூடியைப் போட்டு அடைக்கிறார்கள். தெர்மோஸ்டாட் பழுதானால் உள்ளே ஏறும் அழுத்தம் வெளியேற அந்த ஒரு வழிதான், அடைத்தால் கீசரின் தொட்டியே வெடிக்கலாம். சொட்டுகிற இடத்தில் சின்ன டியூப் மாட்டித் தரைத் துளைக்கு விடுங்கள். நிற்காமல் ஒழுகினால் கீசரை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.